அலுவலகக் கணினியில் ஆன்டிவைரஸை அணைப்பது யார் உரிமை?

"சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு. அந்த ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க."

கம்ப்யூட்டர் உள்ள எந்த அலுவலகத்திலும் ஒரு தடவையாவது காதில் விழும் வாக்கியம் இது. ஆடிட்டர் அலுவலகம், ஜெராக்ஸ் கடை, கூட்டுறவுச் சங்கம், பள்ளி அலுவலகம், இ-சேவை மையம் என்று இடம்தான் மாறும். வாக்கியம் மாறாது. சொல்பவர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதும் இல்லை. எதிரே பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, மேலதிகாரி போன் பண்ணி "முடிஞ்சுதா?" என்று கேட்கிறார். அந்த நேரத்தில் கண்ணில் படுகிற முதல் குற்றவாளி, திரையின் மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன ஐகான்தான்.

ஆஃப் பண்ணியதும் கம்ப்யூட்டர் கொஞ்சம் வேகமாக ஓடும். அதுதான் பிரச்சினையே! பலன் உடனே தெரிகிறது. ஆபத்து தெரிவதில்லை. ஆன்டிவைரஸை அணைத்தால் சைரன் எதுவும் அடிக்காது. அன்றைக்கு ஒன்றும் நடக்காது, மறுநாளும் நடக்காமல் இருக்கலாம். அதனால் "பார்த்தீங்களா, ஒண்ணும் ஆகலை" என்ற தைரியம் வந்துவிடும். தற்காலிகமாக அணைத்தது நிரந்தரமாகிவிடும்.

இதைத் தொழில்நுட்பப் பிரச்சினையாகத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் காமர்ஸ் படிப்பவர்கள் பார்த்தால் இது கணக்குப் பிரச்சினை என்று தெரியும். லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு, அனுமதி கொடுத்தது யார் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும்.

ஆன்டிவைரஸ் என்ன வேலை செய்கிறது?

வைரஸை நச்சுநிரல் என்று தமிழில் எழுதுகிறார்கள். பேச்சில் வைரஸ்தான். ஆன்டிவைரஸ் முக்கியமாக இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, ஏற்கெனவே பிடிபட்ட வைரஸ்களின் அடையாளப் பட்டியலை வைத்துக்கொண்டு, திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் அதோடு ஒப்பிடுவது. இரண்டு, பட்டியலில் இல்லாத புதிய நிரல் ஏதாவது சந்தேகமாக நடந்துகொள்கிறதா என்று பார்ப்பது. உதாரணமாக, ஒரு நிரல் திடீரென்று நூற்றுக்கணக்கான கோப்புகளை வரிசையாகப் பூட்ட ஆரம்பித்தால் அதை நிறுத்தப் பார்க்கும்.

ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போதே சோதிப்பதால்தான் வேகம் குறைகிறது. இது உண்மையான செலவு, மறுக்க வேண்டியதில்லை. பழைய ஹார்டு டிஸ்க், குறைந்த ராம் உள்ள மெஷினில் அந்தச் செலவு இன்னும் அதிகமாகத் தெரியும். ஆக, ஸ்லோ என்று புகார் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் தேர்ந்தெடுக்கும் தீர்வுதான் தவறு.

கரியாலூர் போன்ற ஊரில் ஒரு கணினி

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவானது. அந்த மாவட்டத்தின் கல்வராயன் மலையில் இருக்கிறது கரியாலூர். மலையில் பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். இந்த மாதிரி மலையூரில் ஓர் அலுவலகக் கணினிக்கு நகரத்துக் கணினியை விட மதிப்பு அதிகம். காரணம் எளிது. அது கெட்டுப்போனால் பக்கத்துத் தெருவில் இன்னொன்று கிடையாது.

ஒரு மாணவருக்குப் பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இந்தச் சான்றிதழைத் தருபவர் வருவாய்க் கோட்டாட்சியர். விண்ணப்பம் இ-சேவை வழியாகப் போகிறது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் கல்வி உதவித்தொகை இல்லை, இட ஒதுக்கீடும் இல்லை. மையத்துக் கணினி ஒரு வாரம் படுத்துவிட்டால் அந்த மாணவர் பஸ் பிடித்து மலையிறங்க வேண்டும். அவரது அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போகும்.

"சான்றிதழ் எல்லாம் அரசு சர்வரில்தானே இருக்கு, இந்தக் கம்ப்யூட்டர் போனா என்ன?" என்று கேட்கலாம். பாதி சரி. சான்றிதழ் சர்வரில் இருக்கும். ஆனால் மையத்துக் கணினியில் என்ன இருக்கும்? ஸ்கேன் செய்த ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக் நகல்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபரேட்டர் உள்ளே நுழையும் பாஸ்வேர்ட். விசைப்பலகையில் தட்டுவதை எல்லாம் திருடி அனுப்பும் வைரஸ் ஒன்று உள்ளே புகுந்தால், ஆபரேட்டர் பெயரில் இன்னொருவர் வேலை செய்யலாம். பழி ஆபரேட்டர் மேல் விழும்.

கூட்டுறவுச் சங்கங்களும் இதே நிலைக்கு வந்துகொண்டிருக்கின்றன. நாடு முழுக்க 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை 2,516 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மலைப்பகுதிகளில் லேம்ப்ஸ் என்று சொல்லப்படும் பழங்குடியினர் பலநோக்குச் சங்கங்களும் இதில் சேர்க்கப்பட்டவைதான். பயிர்க்கடன், நகைக்கடன், உரம் எல்லாம் இனி பேரேட்டிலிருந்து கணினிக்குப் போகும். பேரேட்டைக் கரையான் அரிக்காமல் பார்த்துக்கொண்டவர்கள், கணினியையும் அதே அக்கறையோடு பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

மலையில் இன்னொரு வாதம் வரும். "இங்கே சிக்னலே சரியா இல்லை. நெட் இல்லாத கம்ப்யூட்டருக்கு எதுக்கு ஆன்டிவைரஸ்?"

நெட் இல்லாத இடத்தில்தான் பென் டிரைவ் அதிகம் சுற்றும். ஜெராக்ஸ் கடையிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து சங்கத்துக்கு, அங்கிருந்து தாலுகா அலுவலகத்துக்கு. 2010-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ், ஈரானின் நடான்ஸ் அணு நிலையத்தைக் குறிவைத்தது. இணையத்தோடு இணைக்காத கணினிகளுக்குள்ளும் நுழைய அது பென் டிரைவ் வழியாகப் பரவும்படி எழுதப்பட்டிருந்தது. அந்த வைரஸ் அதிகம் பரவிய நாடுகள் பட்டியலில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியா இருந்ததாக சிமான்டெக் நிறுவனம் கணக்குக் கொடுத்தது. குறி ஈரான், வந்து சேர்ந்தது இந்தியா வரைக்கும்!

லாபம் ஒருவருக்கு, நஷ்டம் இன்னொருவருக்கு

இப்போது கணக்குக்கு வரலாம். ஆன்டிவைரஸை அணைத்தவருக்குக் கிடைப்பது ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள். தப்பு நடந்தால் இழப்பது யார்? அந்தக் கணினியில் தன் ஆதார் நகலைக் கொடுத்தவர். நகையை அடகு வைத்தவர். அதே நெட்வொர்க்கில் இருக்கும் மற்ற கணினிகளில் வேலை செய்பவர்கள். இவர்களில் ஒருவரிடமும் அனுமதி கேட்கப்படவில்லை.

பொருளாதாரப் பாடத்தில் இதைப் புறவிளைவு என்பார்கள். மலையில் மரவள்ளி போட்டவர்களுக்கு அந்தப் பாடம் தேவையில்லை. வரிசையாக நாலு பேர் காடு. எல்லோரும் வேலி கட்டியிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் வண்டி போக இடைஞ்சலாக இருக்கிறது என்று தன் பக்கத்து வேலியைப் பிரித்து வைக்கிறார். ராத்திரி காட்டுப்பன்றி அந்த வழியாகத்தான் நுழையும். நுழைந்த பிறகு அவர் காட்டோடு நிற்குமா? நாலு காட்டுக் கிழங்கையும் தோண்டிவிட்டுத்தான் போகும். அவர் தன் வேலியைத்தான் பிரித்தார் என்று சொல்லி மற்ற மூவரையும் சமாதானப்படுத்த முடியாது.

வீட்டில் சொந்தக் கணினியில் ஆன்டிவைரஸை அணைப்பது ஒருவரின் சொந்த ரிஸ்க். அலுவலகக் கணினியில் அணைப்பது அடுத்தவர் ரிஸ்க்கைத் தானே முடிவு செய்வது.

நடந்தவை என்ன சொல்கின்றன?

கீழே வரும் சம்பவங்களை, யாரோ ஆன்டிவைரஸை அணைத்ததால் நடந்தவை என்று படிக்கக் கூடாது. ஓர் அலுவலகக் கணினியில் பாதுகாப்பு தவறினால் விஷயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்காக மட்டுமே இவை.

முதலில் தமிழ்நாடு. 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வைரஸ் என்று செய்தி வந்தது. அக்டோபர் 29 அன்று நிலையத்தின் தரப்பில் மறுத்தார்கள். அடுத்த நாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4 அன்றே சர்ட்-இன் என்ற மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு இதைக் கண்டுபிடித்துத் தெரிவித்திருந்தது. பாதிக்கப்பட்டது அணு உலையை இயக்கும் கணினி அல்ல; நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த நெட்வொர்க்கில் இருந்த ஒருவரின் பி.சி. உலையை இயக்கும் நெட்வொர்க் தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கவனியுங்கள்: அணுமின் நிலையத்திலேயே வைரஸுக்குக் கிடைத்த வாசல், எல்லா அலுவலகத்திலும் இருப்பது போன்ற ஒரு சாதாரண நிர்வாகக் கணினிதான்.

அடுத்தது கும்பகோணம். 1904-ல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியின் தலைமையகம் அங்கே. 2018 பிப்ரவரியில் அந்த வங்கியின் ஸ்விஃப்ட் பணப்பரிமாற்ற முறை வழியாக மூன்று மோசடிப் பரிமாற்றங்கள் நடந்தன. மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். துபாய், துருக்கி, சீனா என்று மூன்று திசைக்கு. அதில் ஒன்று உடனே தடுத்து நிறுத்தப்பட்டது. இதில் காமர்ஸ் மாணவர்கள் மறக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. திருடர்கள் முதலில் அந்த முறையோடு இணைந்திருந்த பிரிண்டரை வேலை செய்யாமல் ஆக்கிவிட்டார்கள். பிரிண்டர் ஓடினால் ஒப்புகைத் தாள் வெளியே வரும், யாராவது பார்த்துவிடுவார்கள். மறுநாள் காலை கணக்கைச் சரிபார்த்தபோதுதான் மோசடி வெளியே வந்தது. வகுப்பில் தூக்கம் வரவழைக்கும் அந்த வங்கிச் சரிகட்டும் பட்டியலின் அண்ணன்தான் அன்றைக்குக் காப்பாற்றியது!

எச்சரிக்கை செய்யும் கருவியை முதலில் ஊமையாக்குவது திருடனின் வழக்கம். கணினியில் எச்சரிக்கை செய்வது ஆன்டிவைரஸ். 2008 நவம்பரில் கிளம்பிய கான்ஃபிக்கர் என்ற வைரஸ் நுழைந்ததும் செய்த வேலைகளில் ஒன்று, விண்டோஸ் அப்டேட்டை நிறுத்துவது. ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்களைத் திறக்க விடாமல் செய்வது. இந்தப் போக்கைப் பார்த்துத்தான் மைக்ரோசாஃப்ட் 2019-ல் தன் டிஃபெண்டரில், வெளி நிரல்கள் அதை அணைக்க முடியாதபடி ஒரு தனிப் பாதுகாப்பைச் சேர்த்தது. வைரஸ் எழுதுபவர் மண்டையை உடைத்துக்கொண்டு செய்யும் இந்த முதல் வேலையை, அலுவலக ஊழியர் ஒரே கிளிக்கில் இலவசமாகச் செய்து கொடுக்கிறார்.

மூன்றாவது தைவான். உலகின் மிகப் பெரிய சிப் தயாரிப்பு நிறுவனமான டி.எஸ்.எம்.சி.யில் 2018 ஆகஸ்ட் 3 அன்று ஒரு புதிய இயந்திரத்தை நிறுவும்போது, வைரஸ் சோதனை செய்யாமலே நெட்வொர்க்கில் இணைத்துவிட்டார்கள். வானாக்ரை வைரஸின் ஒரு வகை தொழிற்சாலை முழுக்கப் பரவியது. சரிசெய்ய மூன்று நாள் ஆனது. அந்தக் காலாண்டு வருமானத்தில் சுமார் 3 சதவீதம் பாதிக்கப்படும் என்று நிறுவனமே முதலில் மதிப்பிட்டது. காரணம் ஒரே ஒரு இயந்திரம், ஒரே ஒரு தடவை சோதிக்காமல் விட்டது.

நான்காவது டெல்லி எய்ம்ஸ். 2022 நவம்பர் 23 அன்று சர்வர்கள் பூட்டப்பட்டன. சுமார் இரண்டு வாரம் நோயாளிப் பதிவு, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் கையெழுத்தில். ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. மீட்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது வந்த செய்திகளின்படி, இருந்த சுமார் 5,000 கணினிகளில் 1,200 கணினிகளில்தான் அதுவரை ஆன்டிவைரஸ் போட முடிந்திருந்தது. வந்த பிறகு ஒவ்வொரு கணினியாகச் சுத்தம் செய்வது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு இந்த எண்ணே போதும். ஸ்லோ என்று சேமித்த நிமிடங்கள் எல்லாம் அந்த இரண்டு வாரத்தில் வட்டியோடு போய்விடும்.

"நம்ம கிட்ட என்ன இருக்கு, நம்மளை யாரு தாக்கப் போறாங்க?"

எய்ம்ஸ் பெரியது, கூடங்குளம் பெரியது, ஒரு சின்ன ஊர் அலுவலகத்தை யார் தேடி வருவார்கள் என்று தோன்றலாம். வைரஸ் ஆள் பார்த்து வருவதில்லை. 2017 மே 12 அன்று கிளம்பிய வானாக்ரை, திறந்திருந்த கதவெல்லாம் நுழைந்தது. சுமார் 150 நாடுகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சுமார் 19,000 அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். பக்கத்து ஆந்திராவில் போலீஸ் கணினிகளும் மாட்டின. ஒவ்வொரு கணினியிலும் கேட்கப்பட்ட பணயத்தொகை 300 டாலர் அளவில் தொடங்கியது. ஆஸ்பத்திரியா, போலீஸ் ஸ்டேஷனா, கடையா என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே ரேட்!

அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. அப்டேட் போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணும் அதே கைதான் அப்டேட்டையும் "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப் போடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பெரிய வாசல் திருட்டு சாஃப்ட்வேர். கிராக் செய்த ஆபீஸ், கிராக் செய்த கணக்கு மென்பொருள், இலவச ஆக்டிவேட்டர். அதோடு வரும் குறிப்பில் முதல் வரி என்னவாக இருக்கும் தெரியுமா? "நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைக்கவும்." வீட்டுக்கு வருபவர் "நாயைக் கட்டிப் போடு, காவலாளியை வெளியே அனுப்பு" என்று சொல்லிக்கொண்டே வந்தால் யாராவது கதவைத் திறப்பார்களா? கணினியில் மட்டும் திறக்கிறார்கள்.

மறுதரப்பும் உண்டு

ஆன்டிவைரஸ் தெய்வம் இல்லை. அதுவும் தவறு செய்யும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்அஃபி வெளியிட்ட ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் முக்கியமான கோப்பு ஒன்றையே வைரஸ் என்று நினைத்துப் பிடித்துப் போட்டது. உலகம் முழுக்கக் கணினிகள் முடங்கின. 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் கோளாறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

நல்ல நிரலை வைரஸ் என்று சந்தேகிப்பதும் நடக்கும். தமிழ் தட்டச்சு மென்பொருள்கள் விசைப்பலகையில் தட்டப்படுவதைக் கவனித்துத்தான் தமிழ் எழுத்தாக மாற்றுகின்றன. பாஸ்வேர்ட் திருடும் வைரஸும் அதே விசைகளைத்தான் கவனிக்கிறது. அதனால் சில சமயம் தவறான எச்சரிக்கை வரும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வேலை செய்யாவிட்டாலும் முதல் பழி ஆன்டிவைரஸ் மேல்தான்.

இதெல்லாம் உண்மை. ஆனால் இவற்றுக்குப் பதில் மொத்தமாக அணைப்பது அல்ல. தடுக்கப்பட்ட அந்த ஒரு நிரலுக்கு மட்டும், அது உண்மையான தளத்திலிருந்து வந்ததா என்று உறுதி செய்துகொண்டு, விலக்கு கொடுக்கும் வசதி எல்லா ஆன்டிவைரஸிலும் இருக்கிறது. ஒரு விருந்தாளிக்குக் கதவைத் திறப்பதற்காகச் சுவரை இடிப்பதில்லையே.

விலக்கு கொடுப்பதிலும் நிதானம் வேண்டும். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற வைரஸ் பரவியது உக்ரைன் நாட்டின் எம்.இ.டாக் என்ற கணக்கு-வரி மென்பொருளின் அப்டேட் வழியாக! டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டி வந்தது. நவி மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் முனையமும் நின்றது. "கணக்கு சாஃப்ட்வேர்தானே, நம்பிக்கையானது" என்ற எண்ணம் எப்போதும் சரியாக இருக்காது. இந்த மாதிரித் தாக்குதலில் ஆன்டிவைரஸ் மட்டுமே காப்பாற்றிவிடும் என்றும் சொல்ல முடியாது. மெர்ஸ்க்கைக் காப்பாற்றியது கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒரு சர்வர். தாக்குதல் நேரத்தில் அங்கே கரன்ட் இல்லை! அதனால் நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கப்பட்டு, அதிலிருந்த பிரதி மட்டும் தப்பியது. மின்வெட்டைத் திட்டுபவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். பாடம் இதுதான்: கணினியோடு இணைக்காமல் தனியாக வைத்த ஒரு பிரதி எப்போதும் வேண்டும்.

யார் மேல் பழி?

இவ்வளவும் சொன்ன பிறகு, அணைத்த ஊழியரைத் திட்டிவிட்டு முடித்துக்கொள்வது சுலபம். அது நியாயமாக இருக்காது. பத்து வருடப் பழைய மெஷினைக் கொடுத்து, ஏட்டில் அதன் தேய்மானத்தை முழுதாக எழுதி முடித்த பிறகும், "இதிலேயே ஓட்டு" என்று சொன்னவர் யார்? லைசென்ஸ் முடிந்து ஆறு மாதமாகியும் புதுப்பிக்காதவர் யார்? ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸைப் போட்டு அவை ஒன்றோடொன்று மோதிக்கொள்ள விட்டவர் யார்? விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்த பிறகும் அதைப் பற்றி யோசிக்காதவர் யார்? வேகம் வேண்டும் என்று நெருக்குபவரும் நிர்வாகம்தான், வேகத்துக்கான மெஷினைத் தராததும் நிர்வாகம்தான். நடுவில் மாட்டுவது கீபோர்டு முன்னால் இருப்பவர்.

செலவு என்ற சாக்கும் எடுபடாது. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதலே டிஃபெண்டர் இலவசமாகக் கூடவே வருகிறது. காசு கொடுத்து வாங்குவதென்றால் சென்னையிலேயே 1991-ல் தொடங்கிய கே7, புனேயின் குவிக் ஹீல் என்று உள்நாட்டு நிறுவனங்களே இருக்கின்றன. பழைய ஹார்டு டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி. போட்டாலே பாதிப் புகார் குறைந்துவிடும்.

சட்டமும் மாறிவருகிறது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்து, படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. தகவலைப் பாதுகாக்க நியாயமான ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. "ஸ்லோவா இருந்துச்சு" என்பதை நியாயமான ஏற்பாடு என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

என்ன செய்யலாம்?

காமர்ஸ் மாணவர்கள் முதல் வருடத்திலேயே படிப்பது ஒன்று: பணத்தைக் கையாள்பவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அகக் கட்டுப்பாட்டின் அடிப்படை அது. அதையே இங்கேயும் பொருத்திப் பார்க்கலாம்.

1. தினமும் வேலை செய்பவரின் லாகின், அட்மின் அதிகாரம் இல்லாததாக இருக்கட்டும். அணைக்கும் அதிகாரம் வேறொருவரிடம், பாஸ்வேர்டோடு இருக்கட்டும்.

2. உண்மையாகவே அணைக்க வேண்டி வந்தால் ஒரு நோட்டில் எழுதட்டும்: தேதி, நேரம், காரணம், அனுமதித்தவர் கையெழுத்து, திரும்பப் போட்ட நேரம். சில்லறைச் செலவுக்கே வவுச்சர் கேட்கிறார்கள், இதற்குக் கேட்கக் கூடாதா? எழுத வேண்டும் என்றாலே பாதிப் பேர் அணைக்க மாட்டார்கள்.

3. அந்த நேரத்தில் நெட் கேபிளைக் கழற்றிவிடட்டும். பென் டிரைவ் எதையும் செருக வேண்டாம்.

4. முழு ஸ்கேனை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றி வைக்கலாம். காலை பத்து மணிக்கு ஓடுவதால்தான் அத்தனை திட்டும் விழுகிறது.

5. வெளியிலிருந்து வரும் பென் டிரைவை ஸ்கேன் செய்யாமல் திறப்பதில்லை என்று போர்டு எழுதி ஒட்டலாம். கொடுப்பவர் மேலதிகாரியாக இருந்தாலும் சரி.

6. நெட் சரியாகக் கிடைக்காத மலையூர்களில், டிஃபெண்டரின் புதிய பட்டியலை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து தனிக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். கீழே டவுனுக்குப் போய் வருபவர் ஒருவர் வாரம் ஒரு முறை அதைக் கொண்டுவந்து போட்டாலே போதும்.

7. வாரம் ஒரு பிரதி எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைக்க வேண்டும். கழற்றாமல் விட்டால் கணினியோடு சேர்ந்து அதுவும் பூட்டிக்கொள்ளும்.

இதில் எதற்கும் பெரிய படிப்பு தேவையில்லை, பெரிய பணமும் தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு பொறுப்பாளர், கொஞ்சம் பொறுமை.

முடிவாகச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஓர் அலுவலகக் கணினியில் இருக்கும் தகவலில் பெரும்பகுதி அந்த அலுவலகத்துக்கே சொந்தமில்லை. வரிசையில் நின்று, நம்பி, தன் காகிதங்களைக் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்குச் சொந்தம். மலை மேல் ஒரு தாய் தன் மகன் படிப்புக்காகக் கொடுத்த ஆதார் நகலும் அதில் இருக்கும். அவருக்கு ஆன்டிவைரஸ் என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். தெரிந்தவர்கள்தான் அவருக்காக அதை ஆன் செய்து வைக்க வேண்டும்.

அடுத்த தடவை "ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க" என்று யாராவது சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "யாரைக் கேட்டுட்டு?"